நாலாம் பம்ப்

தொண்ணூற்றெட்டு மார்கழி. தோர்ன்டன் ஹீத்.
பெற்றோல் ஷெட்டின் இரவு யன்னலுக்குப் பின்னால் நான்.
தடித்த கண்ணாடி, ஒரு மைக், ஒரு இரும்பு லாச்சி.
காசு உள்ளே வரும், மிச்சம் வெளியே போகும்.
மூடும்போது லாச்சி கடக் என்னும்.
விடியும்வரை எனக்கு மறுமொழி சொன்னது அது ஒன்றுதான்.

நாலரைக்கு கிளப் கலையும்.
வேர்வை ஆறாத சட்டையோடு வருவார்கள்:
தண்ணீர்ப் போத்தல், சுவிங்கம், ரிஸ்லா தாள்.
கெல்வின் மட்டும் பத்துப் பவுணுக்கு அடித்துவிட்டு
ஆறுதான் இருக்கு என்று பல்லைக் காட்டினான்.
மிச்ச நாலும் என் சம்பளத்தில் வெட்டுப்பட்டது.

அடுத்த கிழமை அவன் கையில் ஒரு சின்னப் பெட்டி,
அதில் ஒரு சிவப்பு விளக்கு.
எப்பவும் சொல்லுறதைச் சொல்லு என்றான்.
நான் எப்பவும் சொல்லுறது என்ன?
நம்பர் ஃபோர். எனிதிங் எல்ஸ்?
லாச்சியைத் தள்ளினேன்.
கடக்.

மாசியில் ஒரு இசைத்தட்டோடு வந்தான்.
லாச்சிக்குள் அது அடங்கவில்லை.
இரவில் திறக்கவே கூடாத கதவை
முதல்முறை திறந்தேன்.
வெள்ளை லேபல். பெயர் இல்லை. நீல மையில் ஒரு 4.
இது என்ன?
உன்ர நாலு பவுண் என்றான்.

எங்கள் வீட்டில் அதைப் போட்டுக் கேட்க ஒன்றுமில்லை.
தயாநிதி அரிசி வாளிக்கு அடியில் வைத்தாள்,
தரை கீறுப்படாமல்.

பிறகு அது என்னைத் தேடி வந்தது.
பதினேழாம் மாடியிலிருந்து களவாய் ஒலித்த வானொலியில்,
பஸ்ஸின் கடைசி இருக்கையில்,
கண்ணாடி இறக்கிய கார்களில்.
படியிறங்கும்போது ஒரு படியை விழுங்கிவிடுகிறவன் போல
ஒரு தாளம்,
அதற்குள் என் லாச்சி,
அதற்கு மேலே ஒரு பெண்:
எனி, எனி, எனிதிங்.

வேகம் கூட்டி, வெட்டி, ஒட்டியிருந்தான்.
என் மானிப்பாய் இங்கிலிஷ் போயிருந்தது. ஆண் போயிருந்தான்.
விறைத்த தாடை, தூக்கம், எல்லாம் போய்
மிஞ்சியது கேள்வி மட்டும்.
அதற்கு ஐந்நூறு பேர் கையை உயர்த்தி
ஓம், ஓம் என்று கத்துகிறார்கள்.
எனக்கு முன்னால் ஒருவரும் ஓம் சொன்னதில்லை.
நோ மேட் என்பார்கள், போவார்கள்.

இப்போது அது தயிர் விளம்பரத்தில் வருகிறது.
வயதானவர்களுக்கான நீச்சல் வகுப்பில் வருகிறது.
நானும் அந்த வகுப்பில் இருக்கிறேன்,
என் குரலுக்கு என் காலை உதைத்தபடி.
ஷெட்டை இடித்து வீடு கட்டிவிட்டார்கள்.
நாலாம் பம்ப் நின்ற இடத்தில் சைக்கிள் பூட்டும் கம்பி.

வானொலியில் ஒருவர் சொன்னார்:
அந்தக் குரல் நியூ ஜேர்சிப் பாடகி ஒருவருடையதாம்,
இரண்டாயிரத்து மூன்றில் காலமானாராம்.
நான் விளைமீன் வெட்டிக்கொண்டிருந்தேன்.
அந்த அம்மாவுக்காக
கொஞ்சநேரம் வெட்டாமல் நின்றேன்.

போன ஐப்பசி, இருமல் என்று நெஞ்சுப் படம் எடுக்க அனுப்பினார்கள்.
மூச்சைப் பிடியுங்கோ, அசையாதேங்கோ என்றது
நீல உடுப்புப் போட்ட ஒரு மொட்டைத்தலை.
கெல்வின்.
அன்று குரலை எடுத்தவன்
இன்று அது புறப்படும் இடத்தைப் படம் எடுக்கிறான்.
நாலாம் பம்ப் என்றேன்.
கொஞ்சம் செல்லத்தான் சிரித்தான்.
முந்நூறு பவுணுக்கு எல்லா உரிமையும் எழுதிக் கொடுத்தானாம்,
காருக்குக் கிளட்ச் மாற்ற.
பிறகு கார் எப்படி என்று கேட்டேன்.
திருட்டுப் போச்சு என்றான்.

அந்தத் தட்டு இன்று நானூறு பவுண் போகுமாம்.
மருமகன் ஃபோனில் காட்டுகிறான், மாமா மாமா என்கிறான்.
எடுத்தால் வாளி ஆடும் என்கிறாள் தயாநிதி.
அவள் சுண்டால் அரிசி அள்ளும்போது
வாளி மெல்லத் திரும்புகிறது,
அடியில் அதுவும்,
ஊசியில்லாமல்,
அரை வட்டம்.